கிட்டாருக்கு ஏற்ற ஆம்ப்ளிபயர்: ஜோடி பார்த்து வாங்குவதும் விற்பதும்



புளி, மிளகாய், பருப்பு, எண்ணெய் என்று சரக்குப் பாடம் எழுதும் பக்கத்தில் மின் கிட்டாரைப் பற்றி எழுதப் புகுந்தால், "மளிகைக் கடைக்கும் கிட்டாருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. நம் மேட்டுப்பாளையத்தில் (நீலகிரி மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் அல்ல, பிப்டிக் தொழிற்பேட்டை இருக்கும் புதுச்சேரி மேட்டுப்பாளையம்) மளிகை, பேன்சி, மின்சாமான் என்று எந்தக் கடை வைத்திருந்தாலும், வீட்டில் ஒரு பிள்ளை கிட்டார் கேட்டு நிற்கிறது. மின்சாமான் கடைக்காரரோ கிட்டாரையும் வாங்கி வைத்து விற்கலாமா என்று யோசிக்கிறார். மைக் செட் வாடகைக்கு விடுபவரிடம், ஆர்கெஸ்ட்ராக்காரர் தம் கிட்டார் வயரை நீட்டுகிறார். பிரான்சில் 1982இல் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருநாள் நம் ஊரிலும் கொண்டாடப்படுவதால், இந்த ஊரில் கிட்டார் புதுச்சரக்கும் அல்ல.

வாங்கியவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "சத்தம் வருகிறது; ஆனால் நிறைவாக இல்லை. தகரத்தைத் தட்டுவது போல இருக்கிறது." உடனே கிட்டார் மட்டம் என்று முடிவு கட்டி, இன்னும் பத்தாயிரம் சேர்த்து வேறு கிட்டார் வாங்குகிறார்கள். அதிலும் அதே தகரம்தான். நல்ல இட்லி அரிசி வாங்கி, முதிர்ந்து போன உளுந்தைப் போட்டு அரைத்துவிட்டு, இட்லி கல்லாக வந்ததும் அரிசிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அரிசிக்கு ஏற்ற உளுந்து, உளுந்துக்கு ஏற்ற தண்ணீர் என்பது நம் தொழிலில் பாலபாடம். கிட்டாரிலும் கதை அதுவேதான்.

கிட்டார் பாதி, ஆம்ப்ளிபயர் பாதி

மரக்கிட்டாருக்கு வயிறு உண்டு. தந்தி அதிர்ந்தால் அந்த வயிற்றுக் காற்று அதிர்ந்து ஒலி பெருகும். மின் கிட்டாருக்கு வயிறு கிடையாது. அது பெரும்பாலும் ஒரே கட்டை. அதன் வயிறு ஆம்ப்ளிபயர் பெட்டியில் இருக்கிறது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஆகவே கிட்டாரை மட்டும் வாங்கியவர் பாதி வாத்தியத்தைத்தான் வாங்கியிருக்கிறார்.

தந்திகளுக்குக் கீழே பிக்கப் என்னும் சிறு பெட்டி இருக்கும். உள்ளே காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளும் இருக்கின்றன. இரும்புத் தந்தி காந்தத்தின் முன் அதிரும்போது அந்தக் கம்பியில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. பிக்கப்பில் இரண்டு பெரும் சாதிகள் உண்டு. ஒன்று, ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில். இதன் ஒலி பளிச்சென்று, தெளிவாக, சற்று மெலிந்து இருக்கும். மற்றொன்று இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர். இதன் ஒலி தடித்தது, கொழுத்தது, உச்சம் சற்று அடங்கியது.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு நோய் உண்டு. சுற்றிலும் உள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 'ம்ம்ம்' என்ற இரைச்சலையும் அது சேர்த்தே பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்ற பொறியாளர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இரட்டைச் சுருள், இந்த இரைச்சலைத் தீர்க்க வந்ததுதான். இரண்டு சுருளையும் எதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டது. தந்தியின் ஒலி ஒன்றோடொன்று கூடியது. வரவு வரவோடு சேர்ந்து, நட்டம் நட்டத்தோடு கழிந்துபோகும் இப்படி ஒரு கணக்கு நம் பேரேட்டில் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தொழிற்பேட்டை ஓரத்தில் குடியிருப்போருக்கு இது வெறும் ஏட்டுப் பாடம் அல்ல. மோட்டார், வெல்டிங், டிரான்ஸ்பார்மர், பழைய டியூப்லைட் சோக் ஆகியவற்றின் அருகே ஒற்றைச் சுருள் கிட்டார் இரைந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் உள்ள வீட்டுக்கு ஹம்பக்கர் உள்ள கிட்டாரைத் தருவதே நல்லது என்பது நம் கருத்து. கடையில் அதிகம் விலைபோகும் மாதிரிகளில் இரண்டு ஒற்றைச் சுருளும் ஒரு ஹம்பக்கரும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

காசு செலவில்லாத ஒரு சங்கதியையும் இங்கேயே சொல்லிவிடுவோம். கிட்டாரில் பிக்கப்பை மாற்றும் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். தந்தியின் அடிக்கட்டை அருகே உள்ள பிக்கப் கூர்மையாக, மெலிவாக ஒலிக்கும். கழுத்தை ஒட்டிய பிக்கப் நிறைவாக ஒலிக்கும். 'தகரம்' என்று திரும்பி வரும் கிட்டார்களில் சில, இந்த ஸ்விட்சைத் தள்ளியதும் குணமாகிவிடுகின்றன!

இரண்டு கடைக்காரர்களின் கதை

இந்தத் தொழிலை உருவாக்கிய இருவர் பிறவி இசைக்கருவி முதலாளிகள் அல்லர். நம்மைப் போலக் கல்லாவில் உட்கார்ந்த கடைக்காரர்கள்.

முதலாமவர் லியோ பெண்டர். கணக்குப் படித்தவர், கணக்கெழுதும் வேலை பார்த்தவர். அமெரிக்கப் பொருளாதார மந்தத்தில் வேலை போயிற்று. 1938இல் கலிபோர்னியா மாநிலம் புல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். பாட்டுக்காரர்கள் தம் ஆம்ப்ளிபயர்களைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார்கள். எது அடிக்கடி கெடுகிறது, எதைக் கேட்டுக் கேட்டு வருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தாமே செய்யத் தொடங்கினார். ஒரே கட்டையில் செய்த இவரது மின் கிட்டார் 1950இல் விற்பனைக்கு வந்தது. புகழ்பெற்ற ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. இவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது! வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்கத் தெரிந்திருந்தது.

இரண்டாமவர் ஜிம் மார்ஷல். டிரம் வாசிப்பவர், டிரம் வாத்தியார். 1960இல் லண்டனின் மேற்கே ஹான்வெல் பகுதியில் டிரம் கடை திறந்தார். டிரம் வாங்க வந்தவர்களோடு கூடவே கிட்டார்க்காரர்களும் வந்தார்கள். பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர், பிக் ஜிம் சல்லிவன் ஆகியோர் அங்கே வந்துபோனவர்கள். அமெரிக்க ஆம்ப்ளிபயர் இங்கிலாந்தில் வந்து இறங்கும்போது விலை எக்கச்சக்கம். அதோடு அவர்கள் தேடிய முரட்டு, நிறைந்த ஒலி அதில் இல்லை. மார்ஷல் தம் கடையின் பழுதுபார்ப்பாளர் கென் பிரானையும், டட்லி கிரேவன் என்ற இளைஞரையும் வைத்துக்கொண்டு 1962இல் ஜே.டி.எம். 45 என்ற ஆம்ப்ளிபயரைச் செய்தார். முதல் நாளிலேயே 23 ஆர்டர் வந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சர்க்யூட் பெரும்பாலும் பெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்ளிபயரைப் பார்த்துச் செய்ததுதான். பிறகு ஒலி எப்படி மாறியது? முதல் கட்டத்தில் அதிகம் பெருக்கும் வேறு வால்வு போட்டார்கள். முதுகு திறந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு இருந்த இடத்தில், முதுகு மூடிய பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு வைத்தார்கள். அவ்வளவுதான். சர்க்யூட் ஏறக்குறைய அதேதான். துணைச் சரக்கு மாறியதும் சுவை மாறிவிட்டது. மெலிந்த ஒற்றைச் சுருள் கிட்டாரும் அதில் நிறைவாக ஒலித்தது. ஜோடி என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

வணிகர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 1965இல் மார்ஷல், ரோஸ் மாரிஸ் என்ற மொத்த விநியோக நிறுவனத்துக்குப் பதினைந்து ஆண்டு விநியோக உரிமை எழுதிக் கொடுத்தார். தொழிலை விரிக்கப் பணம் கிடைத்தது. ஆனால் அவர்கள் ஏற்றுமதி விலையை ஏற்றி வைத்ததால் வெளிநாட்டு விற்பனை பாதித்தது. அதுவரை தம்மிடம் வாங்கி விற்ற பழைய வியாபாரிக்கும் சரக்குத் தர முடியவில்லை. அவருக்காக 'பார்க்' என்ற வேறு பெயரில் ஆம்ப்ளிபயர் செய்து கொடுத்தார். பழகிய கையைக் கைவிடக் கூடாது என்று எந்த ஊர் வியாபாரியும் நினைக்கத்தான் செய்கிறார்.

மைக் செட்டில் சொருகினால் ஏன் தகரம்?

நம் ஊரில் அடிக்கடி நடப்பது இது. ஆம்ப்ளிபயருக்குப் பணம் இல்லை. கிட்டார் வயரை மைக் செட்டின் மைக் துளையில் சொருகிவிடுகிறார்கள். ஒலி மங்கிப் போகிறது. கூடவே கீச்சென்றும் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு குறை எப்படி என்று வியக்கலாம்.

பிக்கப் பலவீனமான முதலீட்டுக்காரர் போன்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டால் தருவார். ஒரேயடியாகப் பத்து மூட்டை கேட்டால் கடை படுத்துவிடும். கிட்டார் ஆம்ப்ளிபயரின் நுழைவாய் ஏறக்குறைய பத்து லட்சம் ஓம் தடை கொண்டது. அதாவது பிக்கப்பிடமிருந்து மிகச் சொற்பமே கேட்கும். மைக் துளையோ சில ஆயிரம் ஓம்தான். அது அதிகமாக இழுப்பதால் பிக்கப் திணறி, மேல்சுரங்கள் செத்துப்போகின்றன. மங்கலுக்குக் காரணம் இது.

கீச்சுக்குக் காரணம் கூம்பு ஸ்பீக்கர். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கூம்பு ஸ்பீக்கர் பேச்சை நெடுந்தூரம் கொண்டுபோகச் செய்தது; ஏறத்தாழ 250, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்குக் குரல் இல்லை. கிட்டாரின் அடி முழுதும் அங்கே காணாமல் போகிறது. வீட்டு ஹோம் தியேட்டரில் போட்டால் இதற்கு நேர்மாறான தொல்லை. கிட்டாருக்கென்று செய்த 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தானாக அடங்கிவிடும். ஹோம் தியேட்டர் அதற்கு மேலும் பாடும். ஆகவே கிட்டார் ஒலியைச் சற்றே முரடாக்கினாலும் வெல்லப் பானையில் ஈ மொய்த்தாற்போல் இரையும்.

மைக் செட்டில்தான் வாசித்தாக வேண்டும் என்றால் டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு பெட்டியை இடையில் வைக்க வேண்டும். பிக்கப் திணறாமல் அது பார்த்துக்கொள்ளும். மைக் செட் நடத்தும் அன்பர்கள் ஒன்றிரண்டு வாங்கி வைத்திருந்தால் ஆர்கெஸ்ட்ராக்காரர் மறுபடி அவர்களையே தேடி வருவார். இக்காலத்து டிஜிட்டல் ஆம்ப்ளிபயர்கள் பல ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தையும் போலச் செய்து நேரே மிக்சருக்கு அனுப்புகின்றன. அந்த வசதி இருக்கிறதா, அது முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

வயரையும் மறக்கக் கூடாது. கிட்டார் வயர் நீள நீள மேல்சுரம் தேயும். வீட்டுக்கு மூன்று மீட்டர், மேடைக்கு ஆறு மீட்டர் தாராளம். இருபது மீட்டர் வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு 'மங்கலாக இருக்கிறது' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

வாட் கணக்கு

வாடிக்கையாளர் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதுதான். நூறு வாட் பெட்டி பத்து வாட் பெட்டியைப் போலப் பத்து மடங்கு சத்தம் போடும் என்று அவர் நம்புகிறார். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். 'இரு மடங்கு சத்தம்' என்று காது ஒப்புக்கொள்ள 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே நூறு வாட் என்பது பத்து வாட்டைப் போல இரு மடங்கு சத்தம், அவ்வளவே.

ஸ்பீக்கரின் திறனையும் பார்க்க வேண்டும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரும் உண்டு, 100 டெசிபல் தருவதும் உண்டு. அந்த 3 டெசிபல் வேறுபாடு ஆம்ப்ளிபயரின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஸ்பீக்கர் நல்லதாக இருந்தால் சின்ன ஆம்ப்ளிபயரே பெரிதாகப் பேசும். இரண்டு கடைகளில் ஒரே வாட் எழுதிய பெட்டிகள் வேறு வேறு விலைக்கு விற்பதன் இரகசியங்களில் இதுவும் ஒன்று.

வீட்டுக்கு ஐந்து முதல் பதினைந்து வாட் போதும். அதற்குமேல் வாங்கினால் பெரிய பெட்டியை எப்போதும் அடக்கியே வைத்திருக்க வேண்டியிருக்கும். அடங்கிய நிலையில், குறிப்பாக வால்வு ஆம்ப்ளிபயர்கள், தம் முழு ஒலியைத் தருவதில்லை. சட்டமும் இருக்கிறது. ஒலி மாசு விதிகள், 2000 இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், வணிகப் பகுதியில் 65 டெசிபல் என்பது வரம்பு. திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. ஆனால் ஸ்பீக்கர் அளவில் மட்டும் கருமித்தனம் வேண்டாம். அடி நிறைவாக வேண்டும் என்பவருக்கு ஆறு அங்குல ஸ்பீக்கர் வைத்த சின்னப் பெட்டி ஏமாற்றம்தான் தரும். எட்டு அங்குலம் தேவலை, பத்து அல்லது பன்னிரண்டு இருந்தால் மிக நன்று.

ஓம் கணக்கு தெரியாமல் வெளி ஸ்பீக்கர் விற்கக் கூடாது. ஆம்ப்ளிபயரின் முதுகில் 8 ஓம் என்றிருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை அக்கம் பக்கமாக இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் 16 ஓம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயருக்குக் குறிப்பிட்டதை விடக் குறைந்த ஓம் கொடுத்தால் மின்னோட்டம் கூடிப் புகைந்துவிடும். வால்வு ஆம்ப்ளிபயரை ஸ்பீக்கரே இல்லாமல் ஓட்டினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் போய்விடக்கூடும். அது சின்னச் செலவல்ல. மைக் செட் ஆம்ப்ளிபயரில் 70 வோல்ட், 100 வோல்ட் என்று எழுதிய முனைகள் இருக்கும். அவை டிரான்ஸ்பார்மர் வைத்த ஸ்பீக்கர்களுக்கு மட்டும். கிட்டார் பெட்டியை அதில் மாட்டினால் பெட்டியும் போகும், பெயரும் போகும்.

எதற்கு எது ஜோடி?

மெலிந்ததற்குக் கொழுத்தது, கொழுத்ததற்குத் தெளிந்தது. ஒற்றைச் சுருள் கிட்டார் உள்ளவருக்கு நடுச்சுரம் தடித்த ஆம்ப்ளிபயரைக் காட்டலாம். மார்ஷல் வழியில் வந்தவை அந்த ரகம். ஹம்பக்கர் கிட்டார் உள்ளவருக்குப் பளிச்சென்ற, சுத்தமான ஆம்ப்ளிபயரைக் காட்டலாம். பெண்டர் வழியில் வந்தவை அப்படி. கொழுத்ததையும் கொழுத்ததையும் சேர்த்தால் கூழாகிவிடும். ஹெவி ராக் வாசிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கூழ்தான் வேண்டும் என்றால் நாம் தடுக்க வேண்டியதில்லை!

அதன் பிறகு குமிழ்கள். வாங்கிய அன்றே பேஸ் குமிழை முழுதாகத் திருகி, மிட் குமிழைப் பூச்சியத்தில் வைத்து, கெயினை உச்சத்தில் வைப்பது புதியவர் வழக்கம். அறைக்குள் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். மேடையில் பேஸ் கிட்டாரும் கீபோர்டும் டிரம்மும் சேர்ந்ததும் அந்தக் கிட்டார் கரைந்து போகும். ஏனென்றால் அடிச்சுரம் பேஸ் கிட்டாருக்குச் சொந்தம். உச்சம் டிரம்மின் தட்டுகளுக்குச் சொந்தம். கிட்டாரின் வீடு நடுவில் இருக்கிறது. அந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்கே குடியிருப்பது? நிறைந்த ஒலி வேண்டுமானால் மிட்டைக் கூட்டி, பேஸைக் குறைத்து, கெயினைப் பாதிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கெயின் கூடக் கூட முரட்டுத்தனம் கூடும். தட்டலின் வலு குறையும். தந்தியிலும் ஒரு நூல் தடித்ததைப் போட்டால், 9க்குப் பதில் 10 எண் செட், ஒலிக்குச் சதை பிடிக்கும். விரல் கொஞ்சம் வலிக்கும்.

ஜோடிப் பொருத்தத்துக்கு நம் பக்கத்து நல்ல உதாரணம் மாண்டலின் யு. சீனிவாஸ். நம் ஏனாம் இருக்கும் அதே கோதாவரிப் பக்கம், பாலகொல்லு ஊரில் 1969இல் பிறந்தவர். 2014இல் சென்னையில் மறைந்தார். மாண்டலினில் இரட்டை இரட்டையாக நான்கு ஜோடித் தந்திகள் உண்டு. தட்டிய ஒலி உடனே அடங்கிவிடும். இரட்டைத் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பதும் கடினம். கர்நாடக இசைக்கு அது ஆகாது என்று பெரியவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. அவர் மின் மாண்டலினை எடுத்து, ஒற்றைத் தந்தி ஐந்து போட்டு, ஆம்ப்ளிபயரின் துணையோடு வாசித்தார். ஒற்றைத் தந்தி வளைந்து கொடுத்தது. மின்பெருக்கம் சுரத்தை நீட்டிக் கொடுத்தது. 1983இல் சிறுவனாகப் பெர்லின் ஜாஸ் விழாவில் அவர் வாசித்தது அந்தக் கருவியைத்தான். ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா மின் கிட்டாரிலேயே கர்நாடக இசை வாசித்து உலகம் சுற்றுகிறார். இவர்கள் யாரும் பெரும் சத்தத்தைத் தேடவில்லை. அறுந்து போகாத சுரத்தைத் தேடினார்கள். அதற்கேற்ற ஜோடியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எர்த் இல்லாமல் கொடுக்காதீர்கள்

இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். கிட்டாரின் தந்திகள் வயர் வழியாக ஆம்ப்ளிபயரின் உலோக உடம்போடு இணைந்திருக்கின்றன. இரைச்சலைக் குறைப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஆம்ப்ளிபயரில் கசிவு இருந்து, எர்த்தும் இல்லாவிட்டால், அந்தக் கசிவு வாசிப்பவர் விரலுக்கு வரும். அவர் உதடு மைக்கில் பட்டால் சுற்று முழுமையாகிவிடும். 1972 மே 3ஆம் நாள், பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, பார்வையாளர் கண் முன்னே இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ப் 1976இல் தம் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத கிட்டார் இணைப்பால் மாண்டார்.

நம் ஊருக்கு இதில் தனிக் கவனம் தேவை. புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு; விடுமுறைக்கு வரும்போது ஆம்ப்ளிபயரும் வருகிறது. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மின்சாரம் ஒத்துப்போகும். ஆனால் பிளக் வேறு. அதன் இரண்டு உருண்டை முனைகள் நம் ஊர்ப் பலதுளை சாக்கெட்டில் எப்படியோ நுழைந்துவிடும். எர்த் மட்டும் சேராது. பெட்டி பாடும், எர்த் இருக்காது. அந்த பிளக்கை எடுத்துவிட்டு நம் மூன்று முனை பிளக் போட்டுக் கொடுக்க எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அமெரிக்காவிலிருந்து வந்தால் கதை வேறு. அங்கே 120 வோல்ட். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த பெட்டியை நேரே சொருகினால் அத்தோடு முடிந்தது. ஆம்ப்ளிபயர் இழுக்கும் வாட்டைவிடக் கூடுதல் திறன் கொண்ட இறக்கு டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

மேடையில் கிட்டார் ஆம்ப்ளிபயரும் மைக் செட்டும் ஒரே மின்பலகையிலிருந்து, ஒரே எர்த்தில் எடுக்கப்பட வேண்டும். கோயில் மின்சாரத்தில் ஒன்று, பக்கத்து வீட்டு மின்சாரத்தில் மற்றொன்று என்று எடுப்பதே ஆபத்துக்கு வழி. 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. ஒன்று அந்தப் பலகையில் இருக்கட்டும். இரைச்சல் வருகிறது என்று எர்த் முனையை வெட்டிவிடும் 'கெட்டிக்காரர்கள்' இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கடையில் வைத்து விற்பவருக்கு

முப்பதாயிரம் ரூபாயோடு வருபவர் இருபத்தைந்துக்குக் கிட்டாரும் ஐந்துக்குப் பெட்டியும் கேட்பார். பாதிக்குப் பாதி பிரிக்கச் சொல்லுங்கள் என்பதே நம் யோசனை. நல்ல பெட்டியில் நடுத்தரக் கிட்டார் நன்றாகவே ஒலிக்கும், மட்டமான பெட்டியில் எந்தக் கிட்டாரும் எடுபடாது. ஏற்கெனவே கிட்டார் வைத்திருப்பவரிடம் அதையே கடைக்கு எடுத்துவரச் சொல்லி, அதில் வாசித்துப் பார்த்தபின் பெட்டியைக் கொடுங்கள். கடைக் கிட்டாரில் கேட்டு வாங்கிப் போய், வீட்டுக் கிட்டாரில் வேறு ஒலி வந்தால் மறுநாள் காலை அவர் நம் வாசலில் நிற்பார். கெயின் இல்லாத சுத்த ஒலியை முதலில் கேட்கச் செய்யுங்கள். குறை இருந்தால் அங்கேதான் தெரியும். வீட்டில் எவ்வளவு சத்தத்தில் வாசிப்பாரோ அந்தச் சத்தத்திலேயே கேட்கட்டும்.

பில் போடும்போது செட்டாக விற்றாலும் சரக்குக் குறியீடு வேறு வேறு. மின் கிட்டார் எச்.எஸ்.என். 9207, ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் 8518, தந்தியும் உதிரிகளும் 9209. வரி விகிதம் மாறக்கூடியது என்பதால், கொள்முதலுக்கு முன் நம் கணக்காளரிடம் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தந்தி பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை ஊரில் உப்புக் காற்று இரும்புத் தந்தியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த தந்தி எந்தப் பெட்டியிலும் மங்கலாகத்தான் ஒலிக்கும். பிஸ்கட்டைப் போலத்தான், உறை பிரியாமல், காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு வையுங்கள். முதலில் வந்த செட் முதலில் போகட்டும். கிட்டார் வாங்கியவர் இன்னொரு கிட்டார் வாங்கப் பல ஆண்டு ஆகும். தந்தி வாங்க இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடை ஏறுவார். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்து வைக்கும்படி அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.